ஒடின் வீட்டுச் சம்பந்தம்

“கழுத்தில என்ன, தலைகீழாத் தொங்குற சிலுவையோ?” என்று கேட்டார் நகுலேஸ்வரன். மகளைப் பெண் கேட்டு வந்த வெள்ளைக்காரனிடம் அவர் வாய் திறந்ததே அப்போதுதான்.

மகள் கஜந்தினி முந்திக்கொண்டாள். “சிலுவை இல்லை அப்பா, சுத்தியல். இடி முழக்கிற தோர் சாமியின்ர ஆயுதம். றெனோல்ட் பழைய வைக்கிங் சாமியளைத்தான் கும்பிடுறவர்.”

வடைத் தட்டோடு வந்த அம்மா சிவநேசம் அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

குழந்தைகள் காப்பகத்தில் கஜந்தினியோடு வேலை செய்கிற றெனோல்ட்டுக்குத் தமிழ் தெரியாது. டோர்வல் விமான நிலையத்தில் இருபது வருடம் பெட்டி தூக்கியும் அப்பாவுக்கு ‘போன்ஜூர்’, ‘மெர்சி’ தாண்டிப் பிரெஞ்சு ஏறவில்லை. மொழிபெயர்க்கிற வேலை அவள் தலையில் விழுந்தது.

அப்பாவின் பிடிவாதம் அவர்கள் குடியிருக்கிற செயின்ட்-மிஷேல் வட்டாரம் முழுக்கப் பிரசித்தம். ஊரில் போரின் கடைசி நாட்களில் காணாமல்போன அவளுடைய அண்ணன் பிருந்தனின் படத்துக்கு மாலை போட, பெற்ற தாயைக்கூட இன்றுவரை அவர் விட்டதில்லை. “அவன் வருவான்” என்பார், அதோடு பேச்சு முடிந்துவிடும். அப்படிப்பட்டவரா இந்தக் கலியாணத்துக்குத் தலையாட்டப் போகிறார்?

“செத்தா இவையள் எங்க போவினமாம்?”

பெண் கேட்டு வந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது! கூசிக்கொண்டே கேட்டு, பதிலைச் சொன்னாள்.

“சண்டையில செத்த வீரர் ஒடின் சாமியின்ர மண்டபத்துக்குப் போவினமாம். பகல் முழுக்கத் தங்களுக்கை அடிபட்டுச் செத்தாலும், பின்னேரம் எழும்பி ஒண்டா இருந்து சாப்பிடுவினமாம்.”

“காயமெல்லாம் மாறியோ?”

“ஓம். பன்றி இறைச்சிதானாம் சாப்பாடு.” சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சுத்த சைவக்காரர் எகிறப் போகிறார் என்று பார்த்தால், அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

“அங்க எங்கட ஆக்களையும் எடுப்பினமோ?”

குத்திக் காட்டுகிறார். வெள்ளைக்காரக் குடும்பம் உன்னைச் சேர்த்துக்கொள்ளுமா என்று ஜாடையாகக் கேட்கிறார். அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. றெனோல்ட் மட்டும் பொறுமையாகப் பதில் சொன்னான்.

“ஒடின் இனம், நிறம் பார்க்கமாட்டாராம், அப்பா. கடைசி மட்டும் ஆயுதத்தோட நிண்டு செத்தவனோ எண்டு மட்டும்தான் பார்ப்பாராம்.”

நகுலேஸ்வரன் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார். பாதி தேநீர் வெளியே சிந்தியது.

“போதும் அப்பா! ஆளைப் பிடிக்கேல்லை எண்டா நேராச் சொல்லுங்கோ. ஏன் இப்பிடி அவரைப் போட்டுக் குடையிறியள்?”

அவர் மகளைப் பார்க்கவில்லை. றெனோல்ட்டின் பக்கம் தள்ளி உட்கார்ந்து, அவனுக்குத் தமிழ் தெரியாது என்பதையும் மறந்து, தணிந்த குரலில் கேட்டார்:

“அப்ப, கையைத் தூக்கிச் சரணடைஞ்ச என்ர பிருந்தனை உள்ளுக்கை விடமாட்டினமோ, தம்பி?”