விரிசல் மேல் கண்ணாடி

ஏணியின் பாதியிலேயே நின்றுவிட்டார் இன்ஜினியர்.

இன்னும் இரண்டு படி ஏறினால் தெரிந்துவிடும். கால் வரமாட்டேன் என்றது.

கீழே ஏணியைப் பிடித்திருந்தார் துணிக்கடை முதலாளி தர்மராஜ்.

மேலே, தூணும் உத்தரமும் சேருமிடத்தில் ஒரு விரிசல். அதன் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டு. இரு முனையிலும் சிமெண்ட் அப்பி ஒட்டியது. கட்டடம் நூலளவு நகர்ந்தாலும் உடைந்துவிடும்.

ஒட்டியவள் ஏணியில் நின்றவரின் மகள் மதிவதனி. அவளும் இன்ஜினியர்; அவருக்குக் கீழே வேலை பார்த்தவள். கீழே என்று அவர்தான் சொல்லிக்கொள்வார்.

தூண் இறங்குகிறது, மாடியை இடிக்க வேண்டும் என்றார் அவர். பழைய விரிசல்ப்பா, இறங்க வேண்டியது இறங்கி முடிந்தது என்றாள் அவள். முதலாளி முன்னாலேயே வாய்த்தகராறு.

கடைசியில் பந்தயம். ஒரு மழைக்காலம் தாண்டியும் கண்ணாடி உடையாவிட்டால், இந்தக் கட்டடத்து ரிப்போர்ட்டில் அவள் கையெழுத்து. அவருடையது அல்ல.

சிமெண்டைக் கட்டைவிரலாலேயே அழுத்தினாள். கொத்துக்கரண்டி எதற்கு இருக்கிறது என்று அதற்கும் கத்தினார்.

மழை வந்தது. போனது.

மார்கழியில் அவளும் போய்விட்டாள்.

வெறும் காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. அவரும் சொல்லவில்லை. தன் ஊரில் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்திருந்தது.

இத்தனை வருஷத் தொழிலில், தன் கணக்கு தப்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஏணி ஏறியது இன்றுதான்.

ஏறினார்.

தூசியை ஊதினார். டார்ச் அடித்துப் பார்த்தார்.

ஒரு கீறல் இல்லை.

ஜெயிச்சுட்டடி என்று சொல்ல நினைத்தார். தோற்றதை யாரிடம் போய்ச் சொல்வது?

"உடையலையா சார்?" தர்மராஜுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்ப மாடி தப்பிச்சிட்டு! பந்தயப்படி பாப்பால்லா கையெழுத்துப் போடணும்? நீங்க போட்டா நான் வாங்க மாட்டேன். அவங்க வரட்டும் சார். எத்தனை நாளானாலும் காத்துக்கிடக்கேன்."

பையில் உளியும் சுத்தியலும் இருந்தன. கண்ணாடியைப் பெயர்த்துவிட்டு விரிசலை அடைக்கச் சொல்வதுதான் முறை.

உளியை எடுத்தார்.

சிமெண்டில் அவள் கட்டைவிரல் பதிந்திருந்தது. ரேகை ரேகையாக.

தன் விரலை அதன்மேல் வைக்கப் போனார். அழிந்துவிடுமோ என்று கையை இழுத்துக்கொண்டார். காய்ந்த சிமெண்ட் அழியாது என்று அவருக்குத் தெரியாதா?

"சார்?"

உளி பைக்குள் போனது.

"அவ போட்டுட்டா, அண்ணாச்சி" என்றார். "பூசும்போது இந்த இடத்தை மட்டும் விட்டுடச் சொல்லுங்க."