நாலு புள்ளி உருண்டை

மூன்றாவது உருண்டையும் ஒரு சாண் உயரம்தான் வந்தது. அப்புறம் தோள் தொங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுற்றுகிற சக்கரத்திலேயே குப்புற விழுந்தது.

அம்மா சக்கரத்தை நிறுத்தினாள். சேறு படிந்த வலது கையைத் தொடையில் இரண்டு தடவை தட்டிக்கொண்டாள்.

"இதெல்லாம் ஒரு மண்ணாடி? இழுத்தா கூடவே வர வேணாமா? தின்னுட்டு உக்காந்த மாதிரி உக்காந்துக்குது."

மகள் விழுந்ததைக் கம்பியால் அறுத்தெடுத்து, முதல் இரண்டுக்கும் பக்கத்தில் பலகையில் வைத்தாள். சத்தம் வருகிற மாதிரியே வைத்தாள்.

பாத்திர மண்ணுக்கு வெள்ளை நிறம் கொடுக்க ஒரு பொடி உண்டு. சூளையில் உருகி இறுக்கிப் பிடிக்க ஒரு பொடி உண்டு. ஆனால் சக்கரத்தில் இழுத்த இழுப்புக்கு வரச்செய்வது இங்கிலீஷில் பால் கிளே, அதாவது பந்துக் களி, என்கிற சாம்பல் நிறக் களிதான். மகள் பிறப்பதற்கு முன்பிருந்தே அம்மாவுக்கு ஒரே குவாரியின் களி. அந்தக் குவாரியை மூடிவிட்டார்கள்.

வியாபாரிகள் அனுப்பிய மாதிரிகளில் புதுக் களி ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ஹோட்டல்காரர் கேட்ட உயரமான தண்ணீர் ஜாடிகளுக்கு வெள்ளிக்கிழமைக்குள் சரி என்று சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான் என்று அம்மா போனில் சித்தியிடம் சொன்னது மகள் காதில் விழுந்திருந்தது.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எடை போட்டு, சலித்து, ஊறவைத்து, பிசைந்து, உருட்டி வைப்பது மகள் வேலை. பிசைந்து பிசைந்து நகக்கண்ணெல்லாம் சாம்பல். அம்மா இரண்டே நிமிஷத்தில் "வேணாம்" என்று தள்ளிவிடுவாள்.

எந்த உருண்டை எந்த வியாபாரியுடையது என்று அம்மாவிடம் சொல்லக் கூடாது. அது அம்மா போட்ட சட்டம். பேரைக் கேட்டால் கை பொய் சொல்லுமாம். அதனால் மகள் குச்சியால் புள்ளி மட்டும் குத்தி வைப்பாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

"மருமகனைக்கூட இவ்வளவு நோண்டிப் பாக்க மாட்டம்மா நீ."

"மருமகன வச்சு ஜாடியா செய்யப் போறேன்? வாய மூடிட்டு அடுத்ததக் குடு."

மகள் நாலு புள்ளி உருண்டையை நீட்டினாள். உள்ளுக்குள் சிரிப்பு முட்டியது. இதையும் வேண்டாம் என்று சொல்லட்டும். அப்போது சொல்வதற்கென்று ஒரு வாக்கியத்தை நேற்றிலிருந்து நாக்கு நுனியில் வைத்திருந்தாள். அதைச் சொன்னால் அம்மா முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வாள் என்று பார்க்க ஆசையாக இருந்தது.

அம்மா உருண்டையைச் சக்கரத்தில் அறைந்தாள். ஈரக் கையால் அடக்கி நடுவுக்குக் கொண்டுவந்தாள். கட்டைவிரலால் குழித்தாள். இடது கை உள்ளே, வலது கை வெளியே. மண் எழுந்தது.

ஒரு சாண். அங்கேயே நின்றது. தோள் தொங்கியது. சாய்ந்தது.

"சனியன்!" அம்மா அதைப் பிய்த்துத் தொட்டியில் எறிந்தாள். "இருக்கறதுலயே இதுதான்டி மட்டம். எந்தப் புண்ணியவான் அனுப்பினான் இத?"

மகள் வாயைத் திறந்தாள்.

பலகையில் மூன்றும் வரிசையாகத் தலை கவிழ்ந்து கிடந்தன. ஒன்று நறநறக்கிற களி, ஒன்று வழுக்குகிற களி, ஒன்று பிசின் மாதிரி ஒட்டுகிற களி. ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மூன்றும் ஒரே உயரத்தில் மடிந்திருந்தன. நாலாவதும் அதே உயரத்தில்தான் மடிந்தது.

அம்மா வலது கையை மறுபடி தொடையில் தட்டினாள். மரத்துப்போன காலைத் தட்டி எழுப்புகிற மாதிரி. சுண்டுவிரலும் மோதிரவிரலும் நிமிராமல் உள்ளங்கைக்குள் சுருண்டே இருந்தன.

காலையில் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "எவன்டி இத இந்த இறுக்கு இறுக்கினான்?" என்று அம்மா கேட்டிருந்தாள். மூடியைப் போட்டவளே மகள்தான். இறுக்கவே இல்லை.

வாக்கியம் தொண்டைக்குள் திரும்பிப் போனது.

"உன்னத்தான்டி கேக்கறேன். எவன் அனுப்பினது?"

"புதுசும்மா. பேரு மறந்துபோச்சு. திருப்பி அனுப்பிடறேன்."

"அனுப்பு. திட்டி அனுப்பு." அம்மா சக்கரத்தைத் துடைத்தாள். முகம் கொஞ்சம் தெளிந்தது. "இந்தாடி, அவசரத்துக்குன்னு நம்ம பழைய களி ஒரு சாக்கு கட்டி வச்சேனே, அத எடு. நாளைக்கு அதுல ஒரு ஜாடி இழுத்துக் காட்டறேன், பாரு. அது என் கை அறிஞ்ச மண்ணு. என்னைக் கைவிடாது."

மகள் பின்கட்டுக்குப் போனாள். சாக்கு சுவரோரம் நின்றது. வாயை அவிழ்த்தாள்.

சாம்பல் பொடியின் நடுவில், நாலு புள்ளி உருண்டைக்காக அவள் டப்பாவால் அள்ளிய பள்ளம் அப்படியே இருந்தது.

"என்னடி, இருக்கா?"

"இல்லம்மா. தீந்துபோச்சு."

சாக்கின் வாயைச் சுருட்டி மறுபடி கட்டினாள். அம்மாவின் கையால் அவிழ்க்க முடியாத அளவுக்கு இறுக்கிக் கட்டினாள்.