அக்காவின் கைராசி

ஆய்வுப் படத்தில் ஈரல் பக்கம் கோடு விழுந்திருந்தது. மூளைப் பக்கம் இந்த முறையும் விழவில்லை.

மாணவி படத்தைத் தலைகீழாகத் திருப்பிக்கூடப் பார்த்தாள். எலியின் மூளைச் சாறு விட்ட இடம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி பளிச்சென்று இருந்தது.

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"உனக்குக் கைராசி இல்லம்மா. அவ கை பட்டாப் போதும், கோடு தானா வந்து நிக்கும்."

அவ என்றால் அக்கா. இவளுக்கு முன்னால் இதே ஆய்வுக்கூடத்தில் பட்டம் வாங்கிப் போனவள். கொழுப்பு அமிலத்தை எரிக்கும் ஒரு நொதி மூளையிலும் இருக்கிறது என்று உலகத்துக்கே சொன்னவள். அவள் எடுத்த படத்தைச் சட்டம் போட்டுப் பேராசிரியர் தன் நாற்காலிக்கு மேலே மாட்டியிருந்தார். கன்னங்கரேலென்று ஒரு கோடு. அதைப் பிடித்து ஏறித்தான் அவர் துறைத் தலைவரானார். அந்த நொதி அவருடைய தொப்பைப் பக்கம் மட்டும் எட்டிப் பார்த்ததே இல்லை.

அந்தக் கோட்டை மறுபடி வரவழைப்பதுதான் இவள் வேலை. சாற்றின் மேல் ஆன்டிபாடி என்ற புரதத்தை விட வேண்டும். நொதி எங்கே ஒளிந்திருந்தாலும் அது தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடம் கறுக்கும். அவ்வளவுதான் சூட்சுமம். புதுப் பாட்டில் எத்தனையோ வாங்கியாகிவிட்டது. ஈரலைக் கண்டால் எல்லாமே ஓடிப்போய் ஒட்டிக்கொள்கின்றன. மூளையைக் கண்டால் கண்டுகொள்ளாமல் போகின்றன.

கோடு வராவிட்டால் பட்டம் கிடையாது என்று பேராசிரியர் வாய்விட்டே சொல்லிவிட்டார். கை கழுவும்போதுகூட இவள் தன் விரல்களை வெறுப்போடு பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

இன்றைக்கு அவருக்கே மனசு இளகிவிட்டது. அறை மூலையில் பூட்டியிருந்த குளிர்பெட்டியைத் திறந்து, அடித்தட்டிலிருந்து ஒரு குட்டிப் பாட்டிலைக் கைக்குழந்தை மாதிரி ஏந்தி வந்தார். அக்காவின் ஆன்டிபாடிப் பாட்டில். அவள் காலத்தில் வாங்கியது இது ஒன்றுதான். அவள் போனதிலிருந்து இதை யாரையும் அவர் தொடவிட்டதில்லை.

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கழுத்துவரை நிறைந்திருந்தது.

"பாத்தியா, என்ன சிக்கனம்! நீயும்தான் இருக்கியே, தண்ணியாக் கொட்டுற."

மாணவி அதை வாங்கி மூடியைத் திருகினாள்.

டக்கென்று ஒரு சத்தம். கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டிலை முதல்முதலாகத் திறக்கும்போது வருமே, அதே சத்தம். மூடிக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் வளையம் அறுந்து அவள் விரலோடு வந்தது.

அவள் நிமிர்ந்து நாற்காலிக்கு மேலே இருந்த கறுப்புக் கோட்டைப் பார்த்தாள். ஆத்திரம் வந்தது. சிரிப்பும் வந்து தொலைத்தது.

வளையத்தை அவருடைய உள்ளங்கையில் வைத்தாள்.

"இந்தாங்க சார், அக்காவோட கைராசி."