பிடித்ததைச் செய்யுங்கள்

மூன்றாவது நேயரும் பாட்டுத்தான் கேட்டார்.

"இது பாட்டு நிகழ்ச்சி இல்லைங்க."

சொல்லிச் சொல்லி எழிலரசிக்கு நாக்கு வறண்டிருந்தது.

ஞாயிறு காலை பதினொரு மணி. உறையூரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவின் மாடியறை. எதிரொலி கேட்காமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டைகள். இணைய வானொலி என்று சொல்லிக்கொள்ள அங்கே இருந்தவை ஒரு மைக், ஒரு மடிக்கணினி. எதிரே ஹெட்போனுடன் ஜெரோம். அழைப்புகளை இணைப்பது அவன் வேலை.

நிகழ்ச்சியின் பெயர் 'பிடித்ததைச் செய்யுங்கள்'. வேலை, எழுத்து, பொழுதுபோக்கு. எதைப் பற்றியும் ஆலோசனை கேட்கலாம்.

இரண்டு வருடமாகக் கேளுங்கள் என்கிறாள். யாரும் கேட்பதில்லை.

திரையின் மூலையில் கேட்பவர்களின் எண்ணிக்கை முப்பத்தெட்டு. பாட்டு கிடையாது என்றதும் முப்பத்தொன்று.

ஜெரோம் விரலை உயர்த்தினான். அடுத்த அழைப்பு.

"வணக்கம். யாரு பேசறீங்க, எங்கேருந்து?"

"ராஜபாளையம். கோமதி."

பெண்குரல். பின்னால் பஸ் ஹாரன்.

"சொல்லுங்க கோமதி. வேலை பத்தியா, எழுத்து பத்தியா?"

"ரெண்டும்தான்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மைக்கை அருகே இழுத்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரரு மில்லுல எலக்ட்ரீஷியன். பத்தொம்பது வருசம். உங்க நிகழ்ச்சிய ஒரு வாரம் விடமாட்டாக."

"ரொம்ப சந்தோஷம்ங்க."

"பிடிக்காத வேலையில போற நாளு உங்க நாளே இல்லைன்னு சொன்னீகளாம். தை மாசம் வேலைய விட்டுட்டாக. இப்ப நாவல் எழுதுறாக."

அந்த வரி அவளுக்கு ஞாபகம் இருந்தது. நன்றாக அமைந்துவிட்டது என்று ஜெரோம் அதைப் படம் போட்டு எல்லா இடத்திலும் பகிர்ந்தான்.

அதை அவள் எழுதியது கல்லூரி அலுவலகத்தில். ஹால் டிக்கெட் அடுக்கிக்கொண்டே. அங்கே அவளுக்குப் பதினோரு வருடம். ஒரு நாளும் பிடித்ததில்லை. விட்டதும் இல்லை.

"நான் காலையில மருந்துக்கடைக்குப் போறேன். மத்தியானத்துக்கு மேல ஜவுளிக்கடை. ஞாயித்துக்கிழமையும் உண்டு. வந்துதான் சமையல்."

குரலில் கோபமே இல்லை. மாத்திரைக்கு அளவு சொல்வதுபோல் சொன்னாள்.

"எனக்கும் ஒண்ணும் பிடிக்கல மேடம். நான் எதை விடட்டும்?"



ஜெரோம் கையை ஆட்டினான். பேசு, பேசு.

பேசினாள். எல்லோரிடமும் கேட்பதுதான் வாயில் வந்தது.

"உங்களுக்கு எது பிடிக்கும் கோமதி?"

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு.

"பஸ்ஸு வந்துருச்சு மேடம்."

இணைப்பு அறுந்தது.

ஜெரோம் விளம்பரத்தை ஓடவிட்டு ஹெட்போனைக் கழற்றினான். முகமெல்லாம் மலர்ச்சி.

"எண்பத்தாறு பேர் கேக்கறாங்க! இதை மட்டும் வெட்டித் தனியாப் போட்டுடலாம்."

"போடாத."

"ரெண்டு வருசத்துல இப்பதான் ஒருத்தங்க நெஜமா பேசியிருக்காங்க. ஏன்?"

"போடாதன்னா போடாத!"

அவள் கத்தி ஜெரோம் கேட்டதில்லை. அவளும்தான்.

மிச்ச நிகழ்ச்சிக்கு அவனைப் பாட்டுப் போடச் சொன்னாள்.

நிலையத்தின் கைபேசியை எடுத்து, நேயர்கள் அனுப்பிய செய்திகளில் ராஜபாளையம் என்று தேடினாள். ஒரே ஒரு பெயர் வந்தது. வீரபாகு.

தை மாதத்துச் செய்தி.

'மேடம், இன்று வேலையை விட்டுவிட்டேன். உங்களுக்குத்தான் நன்றி.'

அதன் கீழே அவள் அனுப்பிய பதில். வாழ்த்துகள் என்றுகூட எழுதவில்லை. கைதட்டும் பொம்மை. மூன்று.

அனுப்பியதே நினைவில்லை.

மாடிப்படிக்கு வந்து அந்த எண்ணை அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"யாரு? எழிலரசி மேடமா? நீங்களேவா?"

அவளுக்குப் பேச இடம் கிடைக்கவில்லை. ஏழாவது அத்தியாயம் போகிறதாம். அதில் மூழ்கி இன்று நிகழ்ச்சியைக்கூடக் கேட்கவில்லையாம். பேனாவில்தான் எழுதுகிறாராம். ஒரே ஒரு பக்கம் வாசிக்கட்டுமா என்றார். அவள் சரி என்பதற்குள் தொடங்கிவிட்டார்.

மில்லில் ஒரு பகல் ஷிப்ட். மின்சாரம் போய்விடுகிறது. எல்லா எந்திரமும் ஒரே நேரத்தில் நின்றுபோகிறது. பக்கத்தில் நிற்பவளுக்கு இருமல் இருக்கிறது என்பது அப்போதுதான் ஒருத்திக்குத் தெரிகிறது.

மோசமாக இருந்திருக்கலாம். அவளுக்கு அது எளிதாக இருந்திருக்கும்.

நன்றாக இருந்தது.

அவள் கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டாள். யார்மேல் இத்தனை எரிச்சல் என்று தெரியவில்லை.

"எப்படி இருக்கு மேடம்?"

"நல்லாருக்குங்க. நெஜமாவே நல்லாருக்கு."

அதோடு வைத்துவிடலாம். வைக்கவில்லை.

"மில்லுல உங்க இடத்துக்கு வேற ஆள் போட்டுட்டாங்களா?"

தாள் படபடக்கும் சத்தம்.

"மேடம், இது ரேடியோவுல போகுதா?"

"இல்லைங்க. நான் மட்டுந்தான் கேக்கறேன்."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னும் போடல. நேத்துக்கூட மில்லு கேட்டு வரைக்கும் போய் விசாரிச்சுட்டு வந்தேன்."

மறுபடி தாளைப் புரட்டினார்.

"கோமதிகிட்ட சொல்லல."