வைகாசிப் பிள்ளை

நேற்று ராத்திரி முழுக்க என் பிள்ளை எழுந்து எழுந்து அழுதான். காலையில் கூடத்தில் அதற்கு விசாரணை நடந்தது.

கண் திருஷ்டி என்றார் மாமனார் நல்லதம்பி. பல் முளைக்கிற நமைச்சல் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், எதுவாக இருந்தாலும் பகலில் அழக் கூடாதா என்றார். அவருக்குத் தூக்கம் கெட்டுவிட்டதாம். எனக்கு மட்டும் பன்னீர் தெளித்துத் தாலாட்டினார்கள் பாருங்கள்.

பசி என்று மட்டும் ஒருவர் வாயிலும் வரவில்லை.

நான்தான் கதவு மறைவில் நின்று, அத்தையிடம் சொல்கிற மாதிரி மாமனார் காதில் விழும்படி, கொஞ்சம் சோறு குழைத்து ஊட்டிப் பார்க்கலாமா என்றேன். எனக்குப் பால் போதவில்லை. கொஞ்ச நேரம் சப்பிவிட்டு, மார்பைத் தள்ளிவிட்டு என் முகத்தையே பார்க்கிறான். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

மாமனார் சிரித்தார். வைகாசியில் பிறந்த பிள்ளைக்கு ஐப்பசியில் சோறா? ஆம்பளைப் பிள்ளைக்கு ஆறு மாதம் நிறைய வேண்டும், ஐந்தில் ஊட்டுவதெல்லாம் பொட்டப்பிள்ளைக்கு. கார்த்திகையில் வயலூர் முருகன் சன்னிதியில் தானே மடியில் வைத்து ஊட்டுவதாகத் தீர்ப்புச் சொன்னார். பிள்ளை வயிற்றுக்குப் பஞ்சாங்கம் படிக்கத் தெரியாவிட்டால் அதற்கு அவர் என்ன செய்வார்?

அவர் கணக்கில் தப்பில்லை. பிள்ளை வைகாசியில் பிறந்திருந்தால்.

அவன் பிறந்தது சித்திரை மூன்றாம் தேதி, மணப்பாறையில், என் தாய் வீட்டில். சித்திரையில் ஆண்பிள்ளை பிறந்தால் தகப்பனுக்கும் ஆகாது, தாத்தனுக்கும் ஆகாதாம். போன வருஷம் எதிர்வீட்டு மருமகளுக்கு அப்படித்தான் பிறந்தது. அவளைப் பிள்ளையோடு தாய் வீட்டிலேயே விட்டுவிடச் சொல்லி யோசனை கொடுத்த புண்ணியவான் என் மாமனார். இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

அதனால் என் அம்மா வைகாசி பிறக்கும் வரை கதவைச் சாத்தியே வைத்திருந்து, பிறகுதான் திருச்சிக்கு ஆள் அனுப்பினாள். மாமனாரும் அத்தையும் கற்கண்டோடு வந்தார்கள். முந்தாநாள் பிறந்த பிள்ளை ஆளைப் பார்த்துச் சிரிக்கிறது, எங்கள் வம்சம் அப்படி என்று மாமனார் ரயிலடி வரை சொல்லிக்கொண்டே போனார். ஜோசியர் அந்தப் பொய்த் தேதிக்கு ஒரு ஜாதகம் கணித்து, பிள்ளை கலெக்டர் ஆவான் என்று அடித்துச் சொன்னார்.

ஆக, எங்கள் வீட்டில் இப்போது கலெக்டர் பட்டினி கிடக்கிறார்.

தீர்ப்பு முடிந்து பக்கத்து வீட்டுக்காரியும் போய்விட்டாள். பிள்ளை மறுபடி வீறிட்டான். எனக்குப் போதும் என்றாகிவிட்டது. தாய் வீட்டுக்கே அனுப்பட்டும், அங்கே என் பிள்ளைக்குச் சோறாவது கிடைக்கும். அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மாமனாரிடம் உண்மையைச் சொல்லிவிடுவதென்று நடந்தேன்.

அடுப்படி வாசலில் அத்தை என் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். கல்யாணமாகி வந்த நாளாக என்னிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள். எங்கே போகிறாய் என்று கேட்டாள்.

சித்திரை என்றேன். அதற்குள் அழுதுவிட்டேன்.

தெரியும் என்றாள். மணப்பாறையில் பிள்ளையைக் கையில் வாங்கித் துணியை விலக்கியபோதே, தொப்புள்கொடி விழுந்து ஆறிப்போயிருந்ததாம். ஆம்பளைகள் பிள்ளையின் மூஞ்சியோடு நின்றுவிடுவார்களாம். ஆறு நிறைந்ததும் நானே யாருக்கும் தெரியாமல் ஊட்டியிருப்பேன் என்று நம்பி, ராத்திரி அழுகையைப் பல் என்றே அவளும் நினைத்திருந்தாளாம். அரிச்சந்திரன் வீட்டுப் பெண் தனக்கு மருமகளாக வாய்த்தது தெரியாமல் போய்விட்டதாம்.

பானையில் குழைந்திருந்த அடிச்சோற்றை எடுத்துப் பால் விட்டு மசித்தாள். பிள்ளை முதல் வாயைத் துப்பினான். அடுத்ததை விழுங்கிவிட்டு அவள் விரலைப் பிடித்துக்கொண்டான்.

கூடத்தில் மாமனார் கார்த்திகையில் நல்ல நாள் எது என்று மகனிடம் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்.

மாமாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று இழுத்தேன். எத்தனை கேலி பேசினாலும் உள்ளுக்குள் எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

அத்தை அடுத்த வாயை உருட்டினாள்.

"உம் புருஷனும் சித்திரைதான். முப்பது வருஷமா மறைச்சு வச்சிருக்கேன். உங்க மாமாவுக்கு இன்னும் ஒரு ஜலதோஷம் பிடிக்கல."