அடுப்புக்கு வைத்த கெடு

“மணி இன்னும் பன்னெண்டு ஆகலை. அடுப்புல கை வச்சே, நேரா கோர்ட்டுதான் லா!”

தாவூத் ஒரு நாற்காலியை இழுத்து, மர்ஜானாவின் புதுக்கடை வாசலிலேயே போட்டு உட்கார்ந்தார். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாள்.

ஈப்போவின் சிலிபின் பகுதியில் அவருடைய நாசி கண்டார் சோற்றுக் கடையில் ஒன்பது வருடம் சமைத்தவள் மர்ஜானா. அவள் விலகியபோது சும்மா விடுவாரா மனுஷன்? எழுதி வாங்கிவிட்டார்: ‘மூன்று வருடம், அதன் கடைசி நாள் பகல் பன்னிரண்டு மணி வரை, ஈப்போவில் சொந்தக் கடை வைத்து அடுப்பு பற்றவைக்க மாட்டேன்.’ அந்தப் பன்னிரண்டு மணியை அவரே யோசித்துச் சேர்த்தார். கடைசி நாள் மதிய வியாபாரம்கூட அவள் கைக்குப் போய்விடக் கூடாதே!

அந்தக் கடைசி நாள் இன்றுதான். அவள் புருஷன் அக்மலுக்குப் பொறுமை ஏது? ‘இன்று மதியம் கடை திறப்பு’ என்று பேனர் கட்டிவிட்டான். ரப்பர்த் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பு அது. அக்கம்பக்கத்தில் வேறு சாப்பாட்டுக் கடையே இல்லை. பதினொன்றரைக்கே இருபது பேர் வரிசையில் நின்றார்கள்.

உள்ளே அரிசி ஊறிக்கொண்டிருந்தது. கோழி வெட்டி, மசாலா அரைத்து எல்லாம் தயார். அடுப்பு மட்டும் சும்மா கிடந்தது.

“பத்த வச்சிரு மர்ஜானா! அரை மணி நேரந்தானே? ஜனம் போயிடும்!” அக்மல் கெஞ்சினான்.

“பன்னெண்டுக்குத்தான்” என்றாள் அவள்.

“அப்படி வா வழிக்கு!” என்று தொடையைத் தட்டினார் தாவூத்.

வரிசையில் நின்ற ஒருவர் எட்டிப் பார்த்தார். “தங்கச்சி, சாப்பாடு எப்ப ரெடி?”

“ஒன்றரை ஆகும்ணே.”

“அலாமாக்! ஒரு மணிக்கு நான் வேலைக்குப் போவணும்.” அவர் நகர்ந்தார். அவரைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் நகர்ந்தார்கள். திறந்த அன்றே கூட்டம் கலைந்தால் கடை விளங்குமா? மர்ஜானாவின் கண் கலங்கியது. ஆனாலும் கை அடுப்புப் பக்கம் போகவில்லை.

தாவூத்துக்கு உள்ளம் குளிர்ந்தது. என்ன வாய் பேசுவாள் இவள்! உப்பு கூடிப்போச்சு என்று அவர் சொன்னால், நாக்கைக் கழுவிட்டு வாங்கண்ணே என்பாள். அப்பேர்ப்பட்டவள் ஒரு தாளுக்குப் பெட்டிப் பாம்பாய் அடங்கிவிட்டாளே! மூன்று வருடமும் கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி கட்டினாளே தவிர, ஒரு ரொட்டிகூடச் சுட்டு விற்கவில்லை. எல்லாம் கோர்ட்டு பயம்.

பன்னிரண்டு அடித்தது. “பிஸ்மில்லாஹ்” என்று மர்ஜானா அடுப்பைப் பற்றவைத்தாள்.

தாவூத் எழுந்தார். வரிசையின் முதல் ஆளாக நின்ற மகேந்திரனை அவருக்குத் தெரியும். மர்ஜானாவின் பக்கத்து வீட்டு வக்கீல்.

“பாத்தீங்களா வக்கீல் சார்? நான் எழுதி வாங்குன பேப்பரு, ஒரு நிமிஷம் முன்னாடி அவளால பத்த வைக்க முடிஞ்சுதா? சட்டத்துக்கு எல்லாரும் பயந்துதானே ஆகணும்!”

மகேந்திரன் அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டு, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

“அண்ணே, தொழில் செய்யக் கூடாதுன்னு இப்படி எழுதி வாங்குனா, இந்த நாட்டுச் சட்டத்துல அது செல்லாது. கையெழுத்துப் போட்ட மறுநாளே அவங்க எங்கிட்ட வந்து கேட்டாங்க. அன்னைக்கே சொல்லிட்டேன்.”

தாவூத் மெல்லத் திரும்பி மர்ஜானாவைப் பார்த்தார். “தெரிஞ்சுமா மூணு வருஷம் சும்மா இருந்தே?”

“சட்டம் செல்லாதுன்னுதாண்ணே சொல்லுச்சு” என்றாள் மர்ஜானா, வெங்காயத்தை எண்ணெயில் கொட்டியபடி. “ஆனா கையெழுத்து நான் போட்டதுதானே?”