ஆராயிக்கு விட்ட இடைவெளி

ரேடியோ நாடகங்களில் ஆராயி என் பெண்டாட்டியாக நடித்தாள். எழுதிக் கொடுக்காத வசனத்தை நடுவில் சொருகி, என் வரியை அமுக்கிவிடுவாள். பாராட்டுக் கடிதமெல்லாம் அவள் பேருக்கே வரும். அந்தத் திமிரோடுதான் சினிமாவுக்கும் போனாள். ஊரே அவள் பேச்சுக்குச் சிரித்தது. நான் ஒருநாளும் சிரித்ததில்லை. அவள் சாவுக்கும் போகவில்லை.

போன வாரம் மாமல்லபுரத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் எங்கள் பழைய நாடகத்தை மறுபடி பதிவு செய்தார்கள். பக்கத்துச் சிற்பக் கூடத்தில் உளிச் சத்தம் சாப்பாட்டு நேரத்தில்தான் ஓயும். அந்த ஒரு மணி நேரத்துக்குள் பேசி முடிக்க வேண்டும்.

"அண்ணாத்த, அந்தம்மா டயலாக்குக்கு கேப் வுடு. நாளிக்கு வேற பொண்ணு வந்து பேசும்," என்றான் ஒலிப்பதிவு செய்யும் சரவணகுமார்.

என் வரியைச் சொன்னேன். அவள் வரி வரும் இடத்தில் உதட்டை இறுக்கிக்கொண்டு காத்திருந்தேன். பிறகு அடுத்த வரியைச் சொன்னேன்.

சரவணகுமார் பதிவானதைத் திரும்பப் போட்டான். என் வரி வந்தது. கொஞ்சம் நிசப்தம்.

"கேப்புல இன்னாத்துக்கு அண்ணாத்த சிரிச்சுகினு கீற?"

ஸ்பீக்கரில் நான் மூச்சுத் திணறச் சிரித்துக்கொண்டிருந்தேன். நடுநடுவே, "போதும்டி ஆராயி, வுட்டுடுடி," என்று கெஞ்சிக்கொண்டும் இருந்தேன்.